முதியோர் வீடுகளுக்கு மதிய உணவு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சமையல் குழுவின் சகோதரிகளே, கேரியர் சுமந்து மாடி ஏறும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். தெருவிளக்கு, கழிவுநீர், குடிநீர் லாரி தொடர்பாக எழுதிய கடிதங்களும் வந்த பதில்களும் கோப்பில் உள்ளன. பார்க்க விரும்புவோர் பார்க்கலாம். பொங்கல் விழாவும் கொடியேற்றமும் வழக்கம்போல் நடந்தன. சங்கத்தின் உழைப்பும் பணமும் பெரும்பாலும் சென்றது ஒரே வேலைக்கு: தனித்திருக்கும் முதியவர்களின் வீட்டுக்கு மதியச் சாப்பாடு கொண்டு கொடுப்பது. ஆகவே அறிக்கையும் அதைப் பற்றியதே.

சென்ற கூட்டத்தில் ஒரு உறுப்பினர் கேட்டார்: "அம்மா உணவகம் இருக்கிறது, ரேஷன் அரிசி இருக்கிறது, உதவித்தொகை வருகிறது. இதில் நமக்கு என்ன வேலை?" கேட்க வேண்டிய கேள்விதான். 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகம் 1 ரூபாய்க்கு இட்லியும் 5 ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் 3 ரூபாய்க்குத் தயிர் சாதமும் கொடுத்துப் பல வயிறுகளைக் காப்பாற்றியது. முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. 1982இல் வந்த சத்துணவுத் திட்டம் அடுத்த ஆண்டே உதவித்தொகை பெறும் முதியவர்களுக்கும் விரிந்தது. இவற்றில் எதையும் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் இவை அனைத்தும் நடந்து போகிறவர்களுக்கு. லிஃப்ட் இல்லாத வாரியக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில், மூட்டு தேய்ந்து உட்கார்ந்திருக்கும் ஆயாவுக்குத் தெருமுனை உணவகமும் தாம்பரமும் ஒரே தூரம். அரிசி மூட்டை வீட்டில் இருக்கும். அதைக் கழுவி, குக்கரைத் தூக்கி, கஞ்சி வடித்து, காய் நறுக்கக் கையில் தெம்பிருக்காது. காலையில் ஒரு டீ, மதியம் ஒரு பன், இரவில் பக்கத்து வீட்டார் கொடுத்தால் இரண்டு இட்லி என்று பொழுதை ஓட்டுகிறவர்கள் தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் நம் கண்ணெதிரே இருக்கிறார்கள். கையில் பணம் இருந்தும் பட்டினி கிடப்பவர்களும் அவர்களில் உண்டு.

1920இல், சர் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கியது. பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் கல்லூரி இருக்கிறது. மெட்ரோ நிலையமும் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பள்ளி என்று ஓர் இடம் இருந்தது, அங்கே சோறு போட முடிந்தது. முதியவர்களுக்கு அப்படிக் கூடும் இடம் கிடையாது. அவர்கள் இருக்கும் இடத்துக்குச் சோறுதான் போக வேண்டும்.

இது உலகத்துக்குப் புதிதும் அல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் பெண் தொண்டர்கள் இப்படி உணவு கொண்டு சென்றார்கள். ஆஸ்திரேலியாவில் டோரிஸ் டெய்லர் என்ற அம்மையார், தானே சக்கர நாற்காலியில் இருந்தவர், 1953இல் இதற்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார். மறு ஆண்டு போர்ட் அடிலெய்டில் முதல் சமையற்கூடம் திறந்தது. அதுவும் நம் ராயபுரம், காசிமேடு போலத் துறைமுகத் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதிதான்.

இனி நம் சமையற்கட்டு. பல்லில்லாத வாய்க்கு ஏற்ற சோறு என்பது தனி வேலை என்பதைச் சமையல் குழுச் சகோதரிகள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சோறு குழைய வேண்டும், ஆனால் கஞ்சியாகிவிடக் கூடாது, கஞ்சியைக் கண்டால் "நான் என்ன நோயாளியா?" என்று கோபித்துக்கொள்கிறவர்கள் உண்டு. கீரையைத் தண்டு நீக்கிக் கடைகிறோம். வயதானால் தசை கரையும், அதனால் பருப்போ முட்டையோ மீனோ ஏதாவது ஒன்று தினமும் இருந்தாக வேண்டும். காசிமேட்டுப் பக்கத்து வீடுகளுக்கு மீன் இல்லாமல் சாப்பாடு அனுப்ப முடியாது. முள் ஆய்ந்து, உதிர்த்து, புட்டாகத்தான் அனுப்புகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் விலை கைக்கு எட்டாது, அப்போது முட்டை.

உப்பு பற்றித்தான் அதிகப் புகார் வந்தது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தம் இல்லாத வீடு நம் பட்டியலில் அரிது. உப்பைக் குறைத்தால் நாக்குக்கு ஏறவில்லை என்று சாப்பாடு அப்படியே திரும்பியது. எலுமிச்சை, மிளகு, சீரகம், நிறைய கொத்தமல்லி சேர்த்த பிறகு கேரியர் காலியாக வரத் தொடங்கியது. உப்பு கூடுவதில்லை, இனியும் கூடாது.

திரும்பி வரும் கேரியரைக் கழுவுவதற்கு முன் திறந்து பார்க்க வேண்டும் என்பதை இந்த ஆண்டு விதியாகவே வைத்தோம். பின்னி மில்லில் வேலை பார்த்த ஒரு தாத்தாவின் கேரியரில் நாள்தோறும் பொரியல் மட்டும் மிஞ்சியது. கேரட்டும் பீன்ஸும் தொடப்படவே இல்லை, ரசம் சொட்டு மிச்சமில்லை. கொண்டு போன பெண் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான், பல்செட் ஈறைக் குத்தி வாய்க்குள் புண் ஆகியிருந்தது தெரிந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்று சரிசெய்த பிறகு பொரியலும் காலியாகிறது.

நேரம் தவறக் கூடாது என்பதிலும் நான் கண்டிப்பாக இருந்தேன். சிலருக்கு வருத்தம் இருக்கலாம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் ஆறவிடக் கூடாது, 60 டிகிரிக்குக் குறையாத சூட்டில் வைத்திருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பின் அரிச்சுவடி. அதைவிட அவசரமானது இன்சுலின். சாப்பாடு வந்துவிடும் என்று நம்பி ஊசி போட்டுக்கொண்ட ஓர் ஆயா, கேட்டில் வண்டி நின்றுவிட்ட ஒரு மதியம், வேர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி வாசற்படியில் சாய்ந்திருந்தார். கேரியர் கொண்டு போன தம்பி பதறாமல் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். சிறிது நேரத்தில் ஆயா அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மருத்துவரின் யோசனைப்படி, சாப்பாடு கைக்கு வந்த பிறகே ஊசி என்று அந்த வீடுகளில் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறோம். கேட்டுக்கு அப்பால் போகும் கேரியர்கள் முதலில் கிளம்புகின்றன.

2024 அக்டோபர் நடுவில் கொட்டிய மழையில் பட்டாளமும் புளியந்தோப்பும் தண்ணீரில் நின்றன. அம்மா உணவகங்களில் இரண்டு நாட்கள் இலவசமாக உணவு கொடுத்தார்கள். நம் பகுதியில் இரு சக்கர வண்டி போக வழியில்லாதபோது மீன்பாடி வண்டி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், கூலி பேசாமல், முழங்கால் தண்ணீரில் கேரியர்களை ஏற்றித் தள்ளிக்கொண்டு போனார். அவருக்கு இந்தச் சபை எழுந்து நின்று நன்றி சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நன்கொடையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். பிறந்தநாளுக்கும் திதிக்கும் கொடுக்க விரும்பும் உங்கள் மனம் பெரியது. ஆனால் இது அன்னதானம் அல்ல, அன்றாடச் சாப்பாடு. சர்க்கரை நோயாளிக்குப் பாயசமும் கேசரியும் வேண்டாம். அந்தப் பணத்தில் பருப்பு வாங்கித் தாருங்கள். சாப்பாடு வாங்கும் முதியவரைப் பக்கத்தில் நிறுத்திப் புகைப்படம் எடுக்க அனுமதி இல்லை, யாராக இருந்தாலும். ஊருக்கே உழைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள். முடிந்தவர்கள் தங்களால் இயன்றதைக் கொடுக்கிறார்கள். மாதம் 1,000 ரூபாய் தொழிலாளர் ஓய்வூதியம் வாங்குகிறவர்கூடக் கொடுக்கிறார். யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பது பொருளாளரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது.

மாத்திரைகளுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' சகோதரிகள் வருகிறார்கள். அவர்கள் வரும் நாளை நம் குழுவும் குறித்து வைத்துக்கொள்கிறது. பிள்ளைகள் கைவிட்டதாகச் சொல்லும் வீடுகளில் முதியோர் உதவி எண் 14567ஐப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம். கதவு தட்டித் திறக்கவில்லை என்றால் கேரியரை வாசலில் வைத்துவிட்டு வரக் கூடாது. பக்கத்து வீட்டில் விசாரித்து, எனக்கோ தலைவருக்கோ போன் செய்த பிறகே நகர வேண்டும்.

வரும் ஆண்டுக்கு இரண்டு காரியங்கள் சபையின் முடிவுக்கு வருகின்றன. ஒன்று, ரயில்வே கேட்டுக்கு அப்பால் இன்னொரு சமையற்கட்டு. இடம் தர ஒரு குடும்பம் முன்வந்திருக்கிறது, உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். இன்னொன்று ஞாயிற்றுக்கிழமை. அன்று நாம் விடுமுறை விடுகிறோம், வயிறு விடுவதில்லை. ஞாயிறு மட்டும் சமைக்க ஒரு தனிக் குழு தேவை. வரவு செலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். தீர்மான வரைவு உங்கள் கையில் இருக்கிறது; ஞாயிற்றுக் குழுவுக்குப் பெயர் கொடுக்கும் தாள் மேசைமேல் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்