சான் பிரான்சிஸ்கோ நேரடி விமானம்: டிக்கெட் எடுக்கும் முன்

பெங்களூரு, 28 நவம்பர் 2022

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏர் இந்தியாவின் பெங்களூரு–சான் பிரான்சிஸ்கோ நேரடி விமானம் டிசம்பர் 2 முதல் வாரத்துக்கு மூன்று முறை மீண்டும் பறக்கப்போகிறது என்ற செய்தி வந்திருக்கிறது. மும்பையிலிருந்தும் டிசம்பர் 15-இல் தொடங்குகிறது. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் நிரப்ப வேண்டியிருந்த 'ஏர் சுவிதா' என்ற கொரோனா அறிவிப்புப் படிவத்தையும் நவம்பர் 22-ஆம் தேதியோடு மத்திய அரசு எடுத்துவிட்டது. இரண்டு செய்தியும் அடுத்தடுத்து வந்ததால், கொரோனா காகிதம் எதுவும் இனித் தேவையில்லை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே வந்து இறங்குவதற்குத் தேவையில்லை என்பது சரி. அங்கே போய் இறங்குவதற்கு அப்படியில்லை.

அமெரிக்கா கைவிட்டது பரிசோதனையை மட்டும்தான். 2022 ஜூன் 12 முதல் நெகட்டிவ் சான்று கேட்பதில்லை. ஆனால் 2021 நவம்பர் 8-இல் வந்த தடுப்பூசி விதி, 2022 நவம்பர் நிலவரப்படி, அப்படியே இருக்கிறது. அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் அது பொருந்தாது. மகன் வீட்டுக்கும் மகள் பிரசவத்துக்கும் விசிட்டர் விசாவில் போகும் பெற்றோருக்குப் பொருந்தும். கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டும் ஏற்கப்படும். இரண்டாம் டோஸ் போட்டு 14 நாள் ஆகியிருக்க வேண்டும். பூஸ்டர் கட்டாயமில்லை. 18 வயதுக்குக் கீழே விலக்கு உண்டு. ஸ்புட்னிக் மட்டும் போட்டுக்கொண்டவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அனுமதிப் பட்டியலில் அது இல்லாததால் அமெரிக்காவும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. அவர்கள் பணம் கட்டும் முன்பே விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஊசி போட்டிருந்தும் செக்-இன் கவுன்டரில் நின்றுபோகிறவர்கள் வேறு வகை. நம்முடைய இனிஷியல்தான் அங்கே வில்லன். தடுப்பூசிப் பதிவுக்கான அரசின் கோவின் தளத்தில் பெரும்பாலோர் ஆதாரைக் காட்டிப் பதிந்தார்கள். ஆதாரில் 'எஸ். லட்சுமி' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் 'லட்சுமி சுப்பிரமணியன்' என்று விரிந்திருக்கும். சான்றிதழில் வயது மட்டும் இருக்கும், பிறந்த தேதி இருக்காது. கவுன்டர் ஊழியருக்கு இருவரும் ஒருவரே என்று தெரிந்தாலும் கணினி ஒத்துக்கொள்ள வேண்டுமே! இதற்குக் கோவின் தளத்திலேயே வழி இருக்கிறது. பதிவு செய்த கைபேசி எண்ணில் நுழைந்து, குறை தெரிவிக்கும் பகுதிக்குப் போய், முதலில் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து திருத்துங்கள். பிறகு பாஸ்போர்ட் எண்ணைச் சேருங்கள். முழுப் பிறந்த தேதியோடு வெளிநாட்டுப் பயணத்துக்கான சான்றிதழ் தனியாக இறங்கும். வரிசை மாறி, தவறான பெயரோடு எண்ணைச் சேர்த்துவிட்டால் திரும்ப அலைய வேண்டியிருக்கும். முதல் டோஸ் ஒரு எண்ணிலும் இரண்டாம் டோஸ் வேறு எண்ணிலும் பதிவாகி, இரண்டுமே 'முதல் டோஸ்' என்று நிற்கும் சிக்கலும் உண்டு. இரண்டு சான்றிதழையும் ஒன்றாக இணைக்கும் வசதி அதே பகுதியில் இருக்கிறது. இதையெல்லாம் விமான நிலைய வரிசையில் நின்று செய்ய முடியாது, பத்து நாளாவது முன்கூட்டிச் செய்யுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருப்பவர்களுக்கு அமெரிக்க விசாவில் 'எஃப்.என்.யூ.' (முதற்பெயர் தெரியவில்லை) என்று அச்சாகியிருக்கும். டிக்கெட்டில் பெயர் எப்படி விழுந்திருக்கிறது என்று ஏஜென்டிடம் அன்றே கேட்டுச் சரிசெய்துவிடுங்கள்.

இனி விமானத்துக்கு வருவோம். 2021 ஜனவரியில் இந்த வழித்தடம் முதன்முதலில் தொடங்கியபோது கேப்டன் சோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவம் வழியாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார்கள். பெருமையான செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் பயணிக்கு இதன் உண்மையான பயன் வேறிடத்தில் இருக்கிறது: நடுவில் மூன்றாவது நாடு ஒன்று இல்லை.

2021 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். 20-ஆம் தேதி ஹாங்காங் இந்திய விமானங்களை நிறுத்தியது. 23-ஆம் தேதி நள்ளிரவோடு சிங்கப்பூர், இந்தியாவிலிருந்து வருபவர்கள் தன் விமான நிலையத்தில் இறங்கி ஏறக்கூட இடம் கொடுக்கவில்லை. அதே வாரம் ஐக்கிய அரபு அமீரகமும் கதவைச் சாத்தியது. துபாய் வழியாக மாறிப் போக அனுமதி திரும்பியது ஆகஸ்ட் 5-இல்தான். கையில் செல்லுபடியான அமெரிக்க விசாவும் உறுதியான டிக்கெட்டும் இருந்தும், போகவே போகாத ஒரு நாட்டின் விதி வழியை மறித்தது. கனடா இன்னும் ஒரு படி மேலே போய், இந்தியாவிலிருந்து நேரடி விமானங்களை ஏப்ரல் 22 முதல் செப்டம்பர் 27 வரை நிறுத்தியதோடு, சுற்றி வருபவர்கள் மூன்றாவது நாட்டில் எடுத்த பரிசோதனைச் சான்றோடுதான் வரவேண்டும் என்றது. இப்போது இந்தத் தடைகள் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு இணைப்பு நிலையமும் தனிக் கணக்குத்தான். பிராங்பர்ட்டில் மாறினால், செல்லுபடியான அமெரிக்க விசா இல்லாதவரிடம் ஜெர்மனி 2022-இல் டிரான்சிட் விசா கேட்கிறது. அமெரிக்காவில் விசா காலம் முடிந்து, தங்கும் அனுமதியை மட்டும் நீட்டித்துக்கொண்டு ஊர் திரும்பும் ஐ.டி. ஊழியர்கள் இதில் விழுந்திருக்கிறார்கள். நேரடி விமானத்தில் இரண்டு நாட்டு விதி மட்டும் பார்த்தால் போதும். சேருமிடமே கதவை மூடினால் அதுவும் உதவாது என்பது வேறு விஷயம். 2021 மே 4-இல் அமெரிக்கா அதைத்தான் செய்தது.

பெருந்தொற்றின் நடுவில் இப்படி மிக நீண்ட வழித்தடத்தை முதலில் மீட்டவர்களில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஒன்று. மார்ச் 2020-இல் நின்ற நியூயார்க் பக்கத்துச் சேவையை நவம்பர் 9-இல் மீண்டும் தொடங்கினார்கள், ஆனால் பழையபடி அல்ல. நுவார்க்குக்குப் பதில் ஜே.எஃப்.கே. நிலையம். 161 இருக்கைகள் மட்டுமே உள்ள சிறப்பு ரக ஏர்பஸ் ஏ350 விமானத்துக்குப் பதில் 253 இருக்கை கொண்ட சாதாரண நெடுந்தூர ஏ350. பயணிகள் குறைவாக இருந்த நேரத்தில் பெரிய இருக்கை எண்ணிக்கை எதற்கு என்று தோன்றும். அடியில் ஏறும் சரக்குக்காக. இருக்கை காலியாகப் போனாலும் வயிற்றில் சரக்கு நிரம்பினால் விமானம் பறக்கும். பெருந்தொற்றுக் காலத்து நெடுந்தூரச் சேவைகளின் சூட்சுமம் அதுதான்.

பெங்களூரு வழித்தடத்துக்கு ஏர் இந்தியா 2022-இல் பயன்படுத்துவது போயிங் 777-200 எல்.ஆர். 238 இருக்கை. நேர்க்கோட்டில் ஏறத்தாழ 14,000 கி.மீ. தூரம். எரிபொருள் தொட்டிகள் 1,81,000 லிட்டர் கொள்ளும். இவ்வளவு தூரத்தில் எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் செலவாகும். கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு டன்னிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே கரைந்துவிடும். அதனால்தான் எதிர்காற்று பலமாக இருக்கும் நாளில் சரக்கைக் குறைக்கிறார்கள், சில நேரம் இருக்கையையும் அடைத்துவைக்கிறார்கள். பெங்களூரின் கெம்பேகவுடா விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 915 மீட்டர் உயரத்தில் இருப்பது இன்னொரு சுமை. காற்று மெலிந்த இடத்தில் இறக்கைக்குத் தூக்கும் சக்தியும் என்ஜினுக்கு உந்தும் சக்தியும் குறையும், அதிக வேகம் பிடித்த பிறகே எழும்ப முடியும். இரண்டு ஓடுபாதையும் 4,000 மீட்டர் இருப்பதால் தப்பித்தோம்.

குறைந்த தூரமே குறைந்த நேரம் என்றும் சொல்ல முடியாது. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கமிருந்து பசிபிக் பக்கம் திருப்பியது. 13,900 கி.மீ. 15,300 ஆனது, நேரமோ பதினாலரை மணியாகக் குறைந்தது. மேற்கிலிருந்து கிழக்கே வீசும் மேலடுக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளியதுதான் காரணம். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். அப்போது துருவப் பக்கம் ஒதுங்கினால் லாபம். அங்கே வேறு கவலை: அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ எரிபொருள் மைனஸ் 40 டிகிரியில் உறையத் தொடங்கும். நம் ஊர் ஜெட் ஏ-1 மைனஸ் 47 வரை தாங்கும். தொட்டியின் வெப்பநிலை உறைநிலைக்கு 3 டிகிரி பக்கம் நெருங்கினால் விமானி கீழே இறங்க வேண்டும், அல்லது வேகத்தைக் கூட்ட வேண்டும். இரண்டிலும் எரிபொருள் கூடும். திரும்பும் பயண நேரம் அட்டவணையிலிருந்து நகர்வதற்கு இவையெல்லாம் காரணம். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்து இரண்டு மணி நேரத்தில் கோவைக்கோ மதுரைக்கோ தனி டிக்கெட்டில் விமானம் எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தனி டிக்கெட் என்றால் தவறவிட்ட விமானத்துக்கு யாரும் பொறுப்பில்லை.

நாங்கள் அஞ்சுவது காற்றையோ குளிரையோ அல்ல, விமான எண்ணிக்கையை. ஏர் இந்தியா ஒரு காலத்தில் எட்டு 777-200 எல்.ஆர். வாங்கியது, ஐந்தை அபுதாபியின் எதிஹாட் நிறுவனத்துக்கு விற்றது. மிச்சம் மூன்று. இன்னும் ஐந்து குத்தகைக்கு வருகின்றன, 2022 டிசம்பருக்கும் 2023 மார்ச்சுக்கும் இடையில். பெருந்தொற்றில் அமெரிக்காவின் டெல்டா விமான நிறுவனம் கழித்துக்கட்டிய விமானங்கள் அவை. அவற்றில் இருக்கை அமைப்பே வேறு. 'ஜன்னலோரம், கால் நீட்ட இடம்' என்று கூடுதல் பணம் கட்டி வாங்கிய இருக்கை, விமானம் மாறினால் வேறு இடத்தில் விழும். புறப்படுவதற்கு 48 மணி நேரம் முன் இருக்கை வரைபடத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள்.

நெடுநாள் நின்ற விமானத்தை எழுப்புவதும் சாவியைத் திருப்புவது போன்ற வேலையல்ல. காற்று வேகத்தை அளக்கும் பிட்டோ குழாயில் பூச்சி கூடு கட்டியிருக்கும். ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு 2020 ஆகஸ்டிலேயே, நின்று எழுந்த விமானங்களில் வேகக் கருவி தவறாகக் காட்டுவது கூடியிருப்பதாக எச்சரித்தது. தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கினால் பூஞ்சை வளரும், மருந்து கலக்க வேண்டும். டயரை ஒரே பக்கம் நிற்க விடக்கூடாது, அவ்வப்போது உருட்டி வைக்க வேண்டும். விமானிக்கு 90 நாளில் மூன்று முறை ஏற்றி இறக்கிய அனுபவம் இல்லையென்றால் சிமுலேட்டருக்குப் போய் வந்துதான் பயணிகளோடு பறக்க முடியும். 16 மணி நேரத்துக்கு மேல் என்றால் விமானிகள் நான்கு பேர் வேண்டும். ஆக, வாரம் மூன்று நாள் ஓடும் சேவையில் ஒரு விமானம் பழுதானால் 'நாளைக்குப் போகலாம்' என்ற பேச்சே இல்லை. அடுத்த விமானம் இரண்டு நாள் கழித்து, அதுவும் நிரம்பியிருக்கும். பழுதே வேண்டாம், 2022 ஜனவரி 19-இல் அமெரிக்காவின் 5ஜி அலைவரிசை 777-இன் உயரமானியைக் குழப்பலாம் என்ற அச்சத்தில் ஏர் இந்தியா பல அமெரிக்க விமானங்களை ஒரே நாளில் ரத்து செய்யவில்லையா? மாற்றாக வேறு நேரடி விமானமும் பெங்களூரில் இல்லை. யுனைடெட் ஏர்லைன்ஸ் சான் பிரான்சிஸ்கோவிலிருந்தும் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சியாட்டிலிலிருந்தும் 2020-இல் அறிவித்தார்கள். இரண்டும் இன்றுவரை தொடங்கவில்லை. ரஷ்ய வான்வெளி அமெரிக்க நிறுவனங்களுக்கு மூடப்பட்ட பின் அது இன்னும் கடினம்.

முதியோர் விஷயம் சுருக்கமாக. குளிர்காலத்தில் அங்கே நேரம் நமக்குப் பதின்மூன்றரை மணி பின்தங்கியிருக்கும். இன்சுலின் போடுபவர்கள் புறப்படும், இறங்கும் நேரத்தை எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போய் அட்டவணை வாங்குங்கள். மருந்துச்சீட்டோடு கைப்பையில் மருந்து இருக்கட்டும். காலில் ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மணிக்கொருமுறை எழுந்து நடக்க வேண்டும், அதனால் நடைபாதையோர இருக்கையே மேல். பருப்புப் பொடி, இட்லிப் பொடியைப் பெரிய பெட்டியில் போடுங்கள். 350 மில்லி அளவுக்கு மேல் பொடி கைப்பையில் இருந்தால் தனிச் சோதனைக்கு இழுப்பார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் அரிசியும் வேண்டாம், சுங்கத்தில் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும்.

கடைசியாகப் பணம். 2022 நவம்பர் 14-இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை ஆறு விமான நிறுவனங்கள் மீது நடவடிக்கை அறிவித்தது. அதில் ஏர் இந்தியா பயணிகளுக்குத் திருப்பித் தந்தாக வேண்டிய தொகை 12.15 கோடி டாலர், அபராதம் 14 லட்சம் டாலர். பெருந்தொற்றில் ரத்தான விமானங்களுக்குப் பணத்தைத் தாமதமாகத் தந்ததற்காக. இதில் நமக்குப் பிடிமானம் ஒன்று இருக்கிறது: அமெரிக்காவுக்குப் போகும், அங்கிருந்து வரும் விமானத்தை நிறுவனமே ரத்து செய்தால், 'திருப்பித் தரப்படாது' என்று அச்சிட்ட டிக்கெட்டுக்கும் பணம் உண்டு. பயணியின் குடியுரிமை என்ன என்பது இதில் பொருட்டல்ல. ஆனால் ரத்துச் செய்தி வந்ததும் கைபேசியில் வரும் 'வேறு தேதிக்கு மாற்று', 'பிற்காலப் பயன்பாட்டுக் கூப்பன்' என்ற பொத்தான்களில் ஒன்றை அவசரப்பட்டு அழுத்தினால் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். பணம்தான் வேண்டும் என்றால் அதை மின்னஞ்சலில், பி.என்.ஆர். எண்ணோடு, தேதி போட்டு எழுதுங்கள். ஏஜென்ட் வழியாக எடுத்த டிக்கெட் என்றால் பணம் ஏஜென்டிடம்தான் திரும்பும், அவருக்கும் அதே மின்னஞ்சலின் நகல் போகட்டும். ரத்துச் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் இங்கே மத்திய அரசின் ஏர்சேவா தளத்திலும், அங்கே அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
விமானப் பராமரிப்பு, பயண முகமைத் துறைகளில் பணிபுரியும் வாசகர்கள் சிலர்,
அல்சூர், பெங்களூரு