ஓவிய வகுப்பு பெட்டியிலிருந்து தொடங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறை ஓவியப் பயிற்சி வகுப்புகள் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பள்ளியில் ஓவிய ஆசிரியராகப் பணியாற்றியவன் என்ற முறையில், இத்தகைய வகுப்புகள் பலவற்றில் விடுபட்டுப்போகும் ஓர் அடிப்படைப் பயிற்சியை, அதாவது பெட்டியைக் கண்ணுக்குத் தெரிவதுபோல வரையும் பயிற்சியைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

எங்கள் பகுதியில் நடந்த ஒரு வகுப்பிலிருந்து என் பேத்தி பதினான்கு வண்ணப் படங்களோடு வீடு திரும்பினாள். மலை, அருவி, மயில் என எல்லாமே அச்சுப் படங்களைப் பார்த்து வரைந்தவை. மேசைமேல் இருந்த தீப்பெட்டியைப் பார்த்து வரையச் சொன்னபோது அவளுடைய கை தடுமாறியது. மேல்பக்கத்தின் பின்விளிம்பு, முன்விளிம்பைவிட நீளமாக வந்துவிட்டது. குழந்தையைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. எதிரெதிர் விளிம்புகள் ஒரே நீளம் என்று மனத்துக்குத் தெரியும். கண்ணுக்கு அவை அப்படித் தெரிவதில்லை என்பதை அவளுக்கு யாரும் காட்டித் தரவில்லை.

காட்டித் தருவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு தீப்பெட்டியைக் கண்மட்டத்தில் பிடித்தால் அதன் மேல்பக்கம் தெரியாது. சற்றே தாழ்த்தினால் மேல்பக்கம் மெல்ல விரியும். தலைக்கு மேலே உயர்த்தினால் அடிப்பக்கம் தெரியும். நம்மைவிட்டு விலகிச் செல்லும் இணைகோடுகள், தண்டவாளத்தைப் போல, ஒரு புள்ளியை நோக்கி நெருங்குவதையும் அதிலேயே காட்டலாம். அந்த மறைபுள்ளி, தரைக்கு இணையாகச் செல்லும் கோடுகளுக்கு எப்போதும் கண்மட்டக் கோட்டிலேயே அமையும்.

இதற்குப் பிறகு வேண்டியது பயிற்சி மட்டுமே. அழிக்கும் வசதி இல்லாத பேனாவால், அளவுகோல் இல்லாமல், பல கோணங்களில் திரும்பிய பெட்டிகளை வரைய வேண்டும். ஒரு பெட்டிக்கு 12 விளிம்புகள். ஒரு பார்வையில் அதிகபட்சம் 9 தெரியும். மறைந்திருக்கும் மூன்றையும் சேர்த்து வரையச் சொல்வது என் வழக்கம், ஏனென்றால் அந்த மூன்றும் பின்மூலையில் ஒரே புள்ளியில் கூடாவிட்டால் எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். வரைந்து முடித்தபின், ஒரே திசையில் செல்லும் நான்கு விளிம்புகளையும் சிவப்புப் பேனாவால் பின்னோக்கி நீட்டிப் பார்க்க வேண்டும். அவை நெருங்கிச் செல்லாமல் விசிறிபோல விரிந்தால், எந்தக் கோடு தவறு என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வார். அந்தப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, அடுத்ததில் திருத்திக்கொள்ளலாம். நாளுக்கு ஐந்து வீதம் வரைந்தால் 50 நாளில் 250 பெட்டிகள் ஆகின்றன. இவ்வளவு வரைந்தவரின் கை, மேசையையும் பேருந்தையும் மாடி வீட்டையும் பெட்டிகளாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கிவிடும்.

ஆசிரியர்களும் இடறும் ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். மூலை நம்மை நோக்கித் திரும்பிய பெட்டியில் இடப்பக்கக் கோடுகளுக்கு ஒன்று, வலப்பக்கக் கோடுகளுக்கு ஒன்று என இரண்டு மறைபுள்ளிகள் உண்டு. அவற்றைச் சிறிய தாளுக்குள்ளேயே அருகருகே குறித்துவிட்டால், கண்மட்டக் கோட்டுக்கு வெகு கீழே வரையும் பெட்டியின் முன்மூலை 90 பாகைக்கும் குறைவாகக் கூர்ந்து, இழுத்துப் பிய்த்ததுபோல ஆகிவிடும். புள்ளிகளைத் தாளுக்கு வெளியே தள்ளிவைத்தாலே இந்தக் கோணல் நீங்கும்.

மறைபுள்ளி கொண்டு வரையும் இந்த முறை, 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி செய்துகாட்டி, 1435இல் அறிஞர் ஆல்பெர்ட்டி எழுத்தில் விளக்கியது. நமது தஞ்சாவூர் ஓவியங்கள் இந்த விதியைப் பின்பற்றுவதில்லை. அதைக் குறை என்று கருதுவது தவறு, அது வேறொரு மரபு. பாலிடெக்னிக்கில் கற்பிக்கும் ஐசோமெட்ரிக் என்னும் பொறியியல் வரைபடத்திலும் இணைகோடுகள் கடைசிவரை இணையாகவே நிற்கும். அளவெடுக்க அதுதான் வசதி. ஆனால் எதிரில் உள்ள பொருளைக் கண் காண்பதுபோல வரைய விரும்பும் மாணவருக்கும், கட்டடக்கலைப் படிப்புக்கான நாட்டா தேர்வின் வரைதல் பகுதியை எழுதப் போகிறவருக்கும் பெட்டிப் பயிற்சியைத் தவிர்த்த குறுக்குவழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எனவே பயிற்சி வகுப்பு நடத்துவோர் முதல் இரண்டு வாரங்களையாவது வண்ணம் தொடாமல் இதற்கு ஒதுக்க வேண்டும். பள்ளிகளும் ஓவியப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கொடுப்பதை நிறுத்த வேண்டும். வகுப்பு முடிவில் சட்டம் போட்ட மயில் படத்தை எதிர்பார்க்கும் பெற்றோர், பிள்ளையின் முதல் நாள் பெட்டியையும் கடைசி நாள் பெட்டியையும் கேட்டு வாங்கிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
திருச்சி.