ஆஸ்கர் பட்டியலில் ஒரு வரி கேட்டு ஒரு திறந்த மடல்

ஆஸ்கர் விருது வழங்கும் அமெரிக்கத் திரைப்பட அகாதெமியின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

1938-இல் நடந்த விழாவில் லூயிஸ் ரெய்னருக்குச் சிறந்த நடிகை விருது கொடுத்தீர்கள். படம் 'தி குட் எர்த்'. வேடம், ஓ-லான் என்ற சீன விவசாயக் குடும்பத்துப் பெண். ரெய்னரோ ஜெர்மனியில் பிறந்தவர். கணவனாக நடித்த பால் முனியும் சீனர் அல்ல.

லாஸ் ஏஞ்சலீஸிலேயே பிறந்த அன்னா மே வாங் அன்று உலகம் அறிந்த சீன அமெரிக்க நடிகை. ஓ-லான் வேடத்துக்காக ஏங்கியவர். கலப்பின உறவைத் திரையில் காட்டக் கூடாது என்ற, 'ஹேஸ் விதி' எனப்பட்ட ஹாலிவுட் தணிக்கை விதியை ஸ்டூடியோக்கள் ஆசியர்களுக்கும் சேர்த்தே நீட்டியிருந்தன. ஆக, கணவன் வேடம் முனிக்குப் போனதுமே மனைவி வேடத்தின் கதவு வாங்குக்கு மூடிக்கொண்டது. இரண்டாவது மனைவி வேடத்துக்கு அவரைப் பரிசீலித்தார்கள். கடைசியில் அதையும் வியன்னாவைச் சேர்ந்த நடனக்காரி ஒருவர்தான் செய்தார். வாங் 1936-இல் சீனாவுக்குப் பயணம் கிளம்பிவிட்டார்.

உங்கள் விருதுப் பட்டியலில் நடிகரின் பெயரும் படமும் வேடமும் இருக்கின்றன. இந்தக் கதை இல்லை. அதைத்தான் கேட்க வந்தேன்.

வேற்றினத்தாராக வேடமிடும் இந்த வழக்கம் தொடக்கத்திலிருந்தே உங்களோடு வருகிறது. 1929-இல் நடந்த முதல் விழாவில், பேசும்படத்துக்கு வழிகாட்டியதற்காக 'தி ஜாஸ் சிங்கர்' படத்தைத் தயாரித்த வார்னர் நிறுவனத்துக்குச் சிறப்பு விருது தந்தீர்கள். அதே படத்தில்தான் வெள்ளைப் பாடகர் அல் ஜோல்சன் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு பாடுகிறார். எரித்த தக்கையின் கரியைப் பூசிக் கறுப்பின மக்களைக் கேலிப்பொருளாக்கிய மின்ஸ்ட்ரெல் மேடை 1830-களிலேயே புகழ் பெற்றுவிட்டது. சினிமா அதை அப்படியே வாங்கிக்கொண்டது. 1915-இல் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' அந்தக் கரியை வைத்தே வெறுப்பை வளர்த்தது. அதே ஆண்டில் கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு மீண்டும் எழுந்தது.

நடிப்பு என்றாலே வேறொருவராக மாறுவதுதானே என்பார்கள். சரி. ஆனால் அந்த வழி ஒரு பக்கமாக மட்டுமே திறந்திருந்தது. கறுப்பினப் பாடகியும் நடிகையுமான லீனா ஹார்ன் சொன்ன ஒரு விஷயத்தை என்னால் மறக்க முடியவில்லை. வெளுத்த நிறம் கொண்ட அவரைத் திரையில் கறுப்பினப் பெண்ணாகக் காட்டவென்று தனியாக ஒரு மேக்கப் தயாரித்தார்களாம். பிறகு அதையே வெள்ளை நடிகைகளுக்குப் பூசி, அவருக்கு வந்திருக்க வேண்டிய வேடங்களைக் கொடுத்தார்களாம். 'ஷோ போட்' கதையில் வரும் ஜூலி என்ற கலப்பினப் பெண்ணாக 1946-இல் ஒரு படத்தின் சிறு பகுதியில் ஹார்ன் பாடியிருந்தார். 1951-இல் முழுப் படம் வந்தபோது ஜூலி ஆனவர் வெள்ளை நடிகை ஏவா கார்ட்னர்.

மெர்ல் ஓபரானை நினைத்தால் மனசு கனத்துப் போகிறது. பம்பாயில் பிறந்த, தெற்காசிய வேர் கொண்ட பெண். 1935-ஆம் ஆண்டின் படத்துக்காகச் சிறந்த நடிகை விருதுக்கு நீங்கள் பரிந்துரைத்தவர். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்ததாகவே சொல்லி வாழ்ந்து, 1979-இல் இறந்தார். ரெய்னர் சில மாதப் படப்பிடிப்புக்குச் சீனப் பெண் ஆனார். ஓபரான் வாழ்நாள் முழுக்க வெள்ளைப் பெண்ணாக இருக்க வேண்டியிருந்தது. 2023-இல் மலேசிய நடிகை மிஷெல் யோ அதே விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டபோது 'தன்னை ஆசியர் என்று சொல்லிக்கொண்ட முதல் பெண்' என்று செய்தியாளர்கள் சுற்றி வளைத்து எழுதியதும் இவரால்தான்.

இது அந்தக் காலத்தோடு முடிந்த சங்கதியும் அல்ல. 1965-ஆம் ஆண்டுப் படத்தில் உடம்பெல்லாம் கறுப்பு பூசி, ஷேக்ஸ்பியர் நாடகத்தின் கறுப்பின நாயகன் ஒதெல்லோவாக நடித்த வெள்ளை நடிகர் லாரன்ஸ் ஒலிவியரைப் பரிந்துரைத்தீர்கள். 1984-இல், சீன வம்சாவளி ஆணாக நடித்ததற்காக வெள்ளை நடிகை லிண்டா ஹன்ட்டுக்கு விருதே கொடுத்தீர்கள்.

யாருடைய விருதையும் பறிக்கச் சொல்லவில்லை. ரெய்னர் நல்ல நடிகை, ஹன்ட்டும் அப்படித்தான். படங்களை ஒளித்து வைக்கவும் வேண்டாம். ஒளித்தால் நடந்ததற்குச் சாட்சியே இருக்காது. இப்படி வந்த ஒவ்வொரு விருதுக்கும் பரிந்துரைக்கும் பக்கத்தில், யார் யாராக வேடமிட்டார், அப்போது வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்று தெரிந்தவரை எழுதுங்கள். ரெய்னரின் பெயருக்குக் கீழே இப்படி இருக்கலாம்:

"சீனப் பெண் வேடத்தில் வெள்ளை நடிகை. இந்த வேடத்தை விரும்பிய சீன அமெரிக்க நடிகை அன்னா மே வாங்குக்கு வாய்ப்பு தரப்படவில்லை."

அன்புடன்,
பழைய படங்களை விடாமல் பார்க்கும் ஒரு ரசிகை