இடையன்குடி போய்ட்டு வந்தேன் மாப்ள

மாப்ள,

நல்லா இருக்கியா, வீட்டுல மதினி பிள்ளைங்க எல்லாம் சுகமா. நீ போன் பண்ணப்ப நான் எடுக்கலன்னு கோவப்படாத, அன்னைக்கு நம்ம சர்ச்சுல அசனம், ஊருக்கே சோறு போடுத விருந்து, ரெண்டு கையும் வெங்காயத்துல கெடந்துச்சு. முடிஞ்சு மூணு நாளாச்சு இன்னும் விரல்ல வாசம் போகல. நீ வராதது இது எத்தனாவது வருஷம்னு நான் எண்ணிட்டுத்தான் இருக்கேன்.

இந்த வருஷம் ஏழு மூட்டை அரிசி பொங்கினோம். நம்ம சின்ன வயசுல ராத்திரி முழுக்க கோயில் பின்னாடி முழிச்சிருப்போமே, அதே மாதிரிதான், ஆனா இப்ப கேஸ் அடுப்பு வந்துட்டுன்னு பாதி பேரு, விறகுலதான் ருசின்னு பாதி பேரு, கடைசில விறகுதான் ஜெயிச்சுது. வார்ப்புல இருந்து சோத்த எடுத்து ஓலப்பாய்க்கு மேல வெள்ளத்துணி விரிச்சு குமிச்சு வச்சிருந்தாங்க பாரு, விடியக்காலைல அந்த ஆவி எந்திரிச்சு கோயில் ஓட்டு வரைக்கும் போச்சு, நான் கொஞ்ச நேரம் சும்மா அதையே பாத்துட்டு நின்னேன். பொறவு நற்கருணை ஆராதனை முடிஞ்சு நம்ம போதகர் ஐயர் வந்து சோத்து முன்னாடி ஜெபம் பண்ணாரு, ஜெபம் கொஞ்சம் நீளம், பின்னால யாரோ "ஐயரே கறி ஆறுது"ன்னு முணுமுணுத்தான், ஐயருக்கே சிரிப்பு வந்துட்டு. பந்தில நம்ம சபைக்காரங்க, மேலத்தெரு அம்மன் கோயில் குடும்பங்க எல்லாம் ஒண்ணாத்தான் உக்காந்தாங்க, அதுல எந்த மாத்தமும் இல்ல. மாறினது இலைதான். முந்தி ஓலப்பட்டைல வாங்கித் திம்போம்லா, இப்ப பேப்பர் தட்டு. எனக்கு அது பிடிக்கல.

சரி விஷயத்துக்கு வாரேன். நம்ம கோயில இடிச்சிட்டு புதுசா கட்டணும்னு கமிட்டி கெளம்பிட்டு. கூரைல உள்ள பனங்கை வரிச்சு செல்லரிச்சிட்டாம், ஓடு ஒழுகுதாம், பண்டிகைக்கு ஆளுக வெளிய நிக்கணுமாம். இதெல்லாம் நெசந்தான், நான் இல்லேங்கல. ஆனா போட்ட பிளான பாத்தியா, கோபுரம் மட்டும் நூறடி! நம்ம சபைல மொத்தம் அறுபது தலைக்கட்டு கூட தேறாது, அதுல பாதி உன்ன மாதிரி மும்பைலயும் துபாய்லயும் கெடக்கு. ஒரு ஆளு மீட்டிங்ல எந்திரிச்சு மெஞ்ஞானபுரம் கோபுரம் 192 அடி, நம்மளுக்கு நூறு கூடவா வேண்டாம்னு கேக்கான். மெஞ்ஞானபுரத்துல அதக் கட்ட மிஷனரி ஜான் தாமஸ் ஐயர் இருந்தாரு, நம்மட்ட யாரு இருக்கா, வாட்ஸ்அப் குரூப்பு ஒண்ணு இருக்கு. அந்த குரூப்புல தினம் விடிஞ்சா வசனம், பத்து மணிக்கு மேல சண்டை.

மனசு சரியில்லாமத்தான் நேத்து பைக்க எடுத்துட்டு இடையன்குடி போனேன். நாம பத்தாவது படிக்கும்போது சைக்கிள்ல போனோமே, திசையன்விளை தாண்டி செம்மண் தேரியில உன் டயரு பஞ்சர் ஆகி தள்ளிட்டே போனோமே, அந்த ரோடு இப்ப பளபளன்னு இருக்கு. ஊரு அதே மாதிரி அமைதி. தெருவெல்லாம் நேர்கோடு போட்ட மாதிரி இருக்கும்லா, அந்தக் காலத்து மிஷனரி கால்டுவெல் ஐயர் வந்து போட்ட தெரு. இந்தப் பக்கத்து ஊருகள்ல அப்படி நேர்த் தெரு பாக்கவே முடியாது, நம்ம ஊர்லயே ஆடு போன தடத்துலதான் ரோடு போட்டிருக்கு.

கால்டுவெல் ஐயர் கட்டின கோயில் வாசல்ல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். நாம அன்னைக்கு கல்லு, ஜன்னல், உயரம் இதத்தான் பாத்தோம். இப்ப எனக்கு வேற ஒண்ணு மண்டைக்குள்ள ஓடுச்சு. அவரு 1841 கடைசில இங்க வந்தாரு, 1847ல அஸ்திவாரம் போட்டாங்க, பிரதிஷ்டை நடந்தது 1880 ஜூலை 6. கணக்கு போட்டுப் பாரு, 33 வருஷம்! மனுசன் 1814ல பிறந்தவரு, அப்ப கல்லு போடும்போது வயசு முப்பத்திமூணு வாக்குல, பிரதிஷ்டை பண்ணும்போது அறுபத்தாறு. அஸ்திவாரக் குழில மண்ணு சுமந்த பொம்பளைங்கள்ல எத்தன பேரு உள்ள உக்காந்து பாட்டு பாடிருப்பாங்க சொல்லு. அவுக பேத்திதான் பாடிருப்பா.

இந்த 33 வருஷத்துல அவரு சும்மா இருந்தாரா? எல்லாரும் சொல்லுத அந்த திராவிட மொழி ஒப்பிலக்கணம் 1856ல லண்டன்ல அச்சாச்சு. 1875ல ரெண்டாவது பதிப்பு. 1877 மார்ச்ல கல்கத்தால வச்சு அவரும் பாளையங்கோட்ட சார்ஜென்ட் ஐயரும் ஒரே நாள்ல பிஷப் ஆனாங்க, இவரு எஸ்.பி.ஜி. மிஷன், அவரு சி.எம்.எஸ். மிஷன். அந்த நேரம் பாத்து தாது வருஷப் பஞ்சம் வேற, ஜனம் செத்துட்டு கெடக்கு, கஞ்சி ஊத்தணும், பஞ்சத்துக்கு அப்புறம் ஆயிரக்கணக்குல ஜனம் சபைல வந்து சேருது, அத்தனை பேருக்கும் உபதேசியார் வேணும் பள்ளிக்கூடம் வேணும். இதுக்கு நடுவுல கோயில் வேலை காசு வந்தா நடக்கும், இல்லாட்டி நிக்கும். ஜன்னல் வளைவு எப்படி வரணும்னு அவரே களிமண்ணுல மாதிரி பண்ணி கொத்தனாருக்கு காட்டுவாருன்னு அங்க உள்ள பெரியவங்க சொல்லுவாங்க. அது எவ்வளவு நெசமோ, ஆனா அந்த வளைவ கைய வச்சுத் தடவிப் பாத்தா நம்பத்தான் தோணுது. நம்ம ஊரு கொத்தனாரு செஞ்ச வேலைலே அது.

அவரு வீட்டம்மா எலைசா பத்தி யாருமே பேச மாட்டேங்காங்க. நாகர்கோவில் மால்ட் ஐயர் மக, இங்கயே பிறந்து வளந்தவ, அதனால புருசன விட நல்லா பேச்சுத்தமிழ் பேசுவாளாம். பெண் பிள்ளைங்களுக்கு போர்டிங் ஸ்கூல் வச்சு லேஸ் பின்ன சொல்லிக்குடுத்தா. எங்க ஆச்சி கிட்ட ஒரு சின்ன மரக்குச்சி கெடந்துச்சு, பாபின்னு சொல்லுவாங்க, நூல் சுத்தி வச்சிருக்கும், நாம அத வச்சு கில்லி விளையாடி அடி வாங்கினோமே ஞாபகம் இருக்கா. அது அந்த வழில வந்ததுதான், இப்பத்தான் புரியுது. பனை ஏறுத வீட்டுல பொம்பளைக்குன்னு தனியா ஒரு ரூவா வந்தது அந்த லேஸ்லதான்.

உடனே நீ கேப்ப, அந்த மனுசன்தானே 1849ல நாடாருங்களப் பத்தி கேவலமா ஒரு புத்தகம் போட்டான்னு. போட்டாருதான். உங்க தாத்தா அத சொல்லிச் சொல்லி கடைசி வரைக்கும் திட்டுவாரு, திண்ணைல உக்காந்து வெத்தல இடிச்சிட்டே. கோவம் நியாயம்தான். இலங்கைல இருந்து வந்தவங்க, பேயக் கும்பிடுதவங்கன்னு எழுதி வச்சா யாருக்குத்தான் ஆறும். நாசரேத் பக்கம் சட்டாம்பிள்ளைன்னு ஒரு நாடார் கிறிஸ்தவரு மிஷனரிமாரோட முறிச்சுக்கிட்டு 1857ல மூக்குப்பீறில தனிச்சபையே ஆரம்பிச்சாரு, வெள்ளக்காரன் காசும் வேண்டாம் வெள்ளக்காரன் மேய்ப்பும் வேண்டாம்னு. எனக்கு அந்த ஆளயும் பிடிக்கும். ஆனா கால்டுவெல் ஐயர் மேல முழுசா கோவப்படவும் முடியல மாப்ள. வந்தவரு அம்பது வருஷம் இங்கயே கெடந்தாரு. 1891 ஆகஸ்ட் 28ல கோடைக்கானல்ல செத்துப்போனவர மலைல இருந்து எறக்கி இந்த தேரிக்குத்தான் கொண்டுவந்து பீடத்துக்குக் கீழ அடக்கம் பண்ணிருக்காங்க. மெரினால சிலை, தபால்தலை, 2011ல அவரு வீட்ட அரசாங்கம் நினைவு இல்லமாக்குனது, இதெல்லாம் பொறவு வந்தது.

சரி நம்ம கதைக்கு வாரேன். எங்க அம்மா கோயிலுக்கு எடுத்து வச்ச பிடியரிசி பானை இன்னும் அடுக்களைல இருக்கு. தினம் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து அதுல போட்டுட்டுத்தான் அரிசி களையும், வீட்டுல அரிசி இல்லாத நாள்லயும் ஒரு சின்னப் பிடியாவது விழும், நான் கண்ணால பாத்திருக்கேன். அந்த அரிசி வித்த காசுலதான் இப்ப ஒழுகுதுன்னு சொல்லுத ஓடு போட்டது. உங்க ஆச்சி பானைலருந்தும் அதுல அரிசி உண்டு. அறுப்பின் பண்டிகைல உங்க அப்பா ஒரு கோழிமுட்டைய ஏலத்துல விட்டுக்குடுக்காம ஏத்தி ஏத்தி எடுத்துட்டு, வீட்டுல வாங்கிக் கட்டிக்கிட்டாரே, அந்தக் காசும் அதுலதான் இருக்கு. இத நான் மீட்டிங்ல சொன்னேன். சென்டிமென்ட் பேசாதிய அண்ணாச்சின்னு ஒரு பய சொல்லிட்டான். அவன் ஞானஸ்நானத்துக்கு நான்தான் சாட்சி நின்னேன்!

புதுக்கோயில் கட்டவே கூடாதுன்னு நான் சொல்லல. வரிச்ச மாத்துவோம், சுவர வச்சுக்குவோம், மேக்க பக்கமா நீட்டுவோம், காசு வர வர கட்டுவோம்னுதான் சொல்லுதேன். அதுக்கு அவசரம் அவசரம்னு பறக்காங்க, அடுத்த சபை எலெக்‌ஷனுக்கு முன்னாடி கல்வெட்டுல பேரு வரணும்ல, அதான் அவசரம். போன தடவ பக்கத்துல ஒரு சபைல இப்படித்தான் இடிச்சுப் போட்டாங்க, ரெண்டு கோஷ்டி ஆகி கேஸ் கோர்ட்டுக்குப் போயி நாலு வருஷமா பந்தலுக்குள்ளதான் ஆராதனை, மழை வந்தா பள்ளிக்கூட வராண்டா. கல்யாண ஓலை, அதான் கோயில்ல வாசிக்குத கல்யாண அறிவிப்பு, அத வாசிக்கக் கூட மைக்கு எந்த கோஷ்டிகிட்டன்னு தேடணும்.

உன் கிட்ட ஒரு ஐடியா கேக்கணும். நீ பில்டிங் லைன்ல இத்தன வருஷம் இருக்க, பனங்கைக்குப் பதிலா இரும்பு போட்டு அதே பழைய ஓட்ட மாட்டலாமா, சுவரு தாங்குமா? சுவரு ரெண்டடி கனம், சுண்ணாம்பும் கருப்பட்டித் தண்ணியும் விட்டு அரைச்ச காரைன்னு எங்க தாத்தா சொல்லுவாரு. போட்டோ பத்து எடுத்து அனுப்பிருக்கேன், மூணாவது போட்டோல பீடத்துக்கு மேல ஒரு வெடிப்பு தெரியுது பாரு, அதுதான் எனக்கு பயம். பெரிசாக்கிப் பாத்துட்டுச் சொல்லு.

புது வருஷ ஆராதனை முடிஞ்ச ஞாயித்துக்கிழம சபைக் கூட்டம், அன்னைக்கு ஓட்டு. லீவு போட்டு வா. டிசம்பர்லயே வந்தா இன்னும் நல்லது, விடியக்காலம் பஜனைக்கு ஆர்மோனியம் வாசிக்க ஆளில்ல, ஒரு பய கீபோர்டு தூக்கிட்டு வாரான், தெருநாய் எல்லாம் குலைக்குது. இன்னொண்ணு, சங்கக் காணிக்கை பாக்கி இருந்தா ஓட்டு கெடையாதாம், லிஸ்ட்ட பாத்தேன், உங்க வீட்டுக்கு ரெண்டு வருஷம் நிக்கு. நான் கட்டி ரசீது வாங்கி வச்சுட்டேன், ஆயிரத்து இருநூறு. ஜிபேல போட்டு விடு, அதுலயும் கடன் சொல்லாத.