டெக் பலகை எடுக்கப் போகிறீர்களா? முதலில் வெட்டு முனையைப் பாருங்கள்

வணக்கம்.

சித்திரை வருடப் பிறப்புக்குள் வீட்டு வேலையை முடித்துவிட வேண்டும் என்று ஓடித் திரிகிறவர்கள்தான் இந்த மாதம் கடைக்கு அதிகம் வருகிறார்கள், வந்ததும் கேட்பது ஒன்றுதான்: தேக்கு நிறத்தில் டெக் பலகை, அதாவது மாடியிலும் முற்றத்திலும் தரையாகப் போடுகிற பலகை, இருக்கிறதா? இருக்கிறது. தேக்கு, சாம்பல், கோப்பி நிறம், கருங்காலி மாதிரிக் கறுப்பு, எல்லாம் இருக்கிறது. ஆனால் நிறத்தை மட்டும் பார்த்து எடுத்துப் போனால் இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு எங்களைத்தான் திட்டுவீர்கள். அந்தத் திட்டை வாங்குவதற்கு முன்பே இதை எழுதிவிடலாம் என்று பார்த்தேன்.

டெக்குக்கு நாங்கள் அதிகம் கொடுப்பது கொம்பசிட் பலகை. அது வேறொன்றுமில்லை, மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி கலந்து, உருக்கி, அச்சு வழியாகப் பிழிந்து எடுப்பது. இடியப்ப உரலை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சில் என்ன வடிவமோ அதுதான் பலகையின் வடிவம். நடுவில் ஓட்டை விட்டுப் பிழிந்தால் பொள்ளல் பலகை, விடாமல் பிழிந்தால் கெட்டிப் பலகை, பிழியும்போதே சுற்றிவர இன்னொரு பிளாஸ்டிக்கை மெல்லிய தோலாக ஒட்ட வைத்தால் அது உறை போட்ட பலகை. மேலே இருந்து பார்த்தால் இந்த மூன்றும் ஒன்று போலத்தான் தெரியும், வெட்டு முனையைத் திருப்பினால்தான் வித்தியாசம் புரியும். அதனால்தான் எங்கள் கடையில் மாதிரித் துண்டுகளை முனை வெளியே தெரிய அடுக்கி வைத்திருக்கிறோம். பார்க்க அழகில்லை என்று என் மனைவி சொல்கிறார், பரவாயில்லை.

முதலில் இந்த உறை விஷயம், ஏனென்றால் நாங்கள் கையைச் சுட்டுக்கொண்டது இதில்தான். 1990களில் அமெரிக்காவில் பரவிய முதல் தலைமுறைப் பலகைகளுக்கு உறை இல்லை, இன்றும் மலிவு என்று இங்கே வந்து இறங்குவதில் பெரும்பகுதி அதே வகைதான். எங்களுக்கு வந்த முதல் கொன்டெய்னரும் அதுதான். ஆசையில் கடை வாசலில் எட்டடிக்கு ஆறடி போட்டோம். மூன்று மாதத்தில் நிறம் வெளுத்தது, சரி, அது எதிர்பார்த்ததுதான். மே மாத மழை தொடங்கியதும் கரும்புள்ளி பூத்தது. பிளாஸ்டிக்கை பூஞ்சணம் தின்னாது, ஆனால் உறை இல்லாத பலகையின் மேற்பரப்பில் மரத்தூள் வெளியே தெரிகிறதே, அது அதற்கு நல்ல சாப்பாடு. போதாக்குறைக்கு, பக்கத்துக் கடைப் பையன் ஒருநாள் அதன் மேல் உட்கார்ந்து ரோல்ஸ் சாப்பிட்டான், சொட்டிய எண்ணெய் இரண்டு ரூபாய்க் குற்றி அளவில் ஊறிப் போய் இன்றும் அப்படியே இருக்கிறது. சவர்க்காரம், பிரஷ், ஒன்றும் எடுபடவில்லை. அந்த டெக்கை நான் கழற்றவில்லை. உறை இல்லாத பலகைதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறவர்களை அதன் மேல் நிற்க வைத்துத்தான் பேசுகிறேன்.

உறையிலும் இரண்டு உண்டு: மேலும் இரு பக்கமும் மட்டும் மூடியது, அடியும் சேர்த்து நாலு பக்கமும் மூடியது. கீழே காற்றோட்டமுள்ள மேல்மாடிக்கு மூன்று பக்கம் போதும். கொங்கிரீட் தளத்துக்கு இரண்டு அங்குலம் மேலே, ஈரம் தங்கும் இடத்தில் போடுவதென்றால் நாலு பக்கமும் மூடியதை எடுங்கள், ஏனென்றால் அடிப்பக்கம் மட்டும் தண்ணீர் குடித்து மேல்பக்கம் குடிக்காமல் இருந்தால் பலகை ஓலை மாதிரி வளையப் பார்க்கும். எந்த உறையாக இருந்தாலும் நீங்கள் வாளால் அறுத்த முனை திறந்துதான் இருக்கும், அதற்கு மூடியோ ஓரப் பட்டியோ கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார்.

அடுத்தது கெட்டியா பொள்ளலா. 140 மி.மீ. அகலம், 25 மி.மீ. தடிப்பு, 2.9 மீற்றர் நீளமுள்ள கெட்டிப் பலகை ஒன்று 12, 13 கிலோ வரும். அதே அளவு பொள்ளல் பலகை எட்டுக் கிலோ அளவில் நிற்கும், விலையும் குறைவு, தூக்கவும் சுகம். கூரைக்குக் கீழே இருக்கும் பல்கனி, இரண்டு கதிரையும் ஒரு செடியும் வைக்கிற இடம் என்றால் பொள்ளலில் ஒரு குறையும் இல்லை. திறந்த மொட்டை மாடிக்கு நான் கொடுக்க மாட்டேன். 12.5 கிலோ காஸ் சிலிண்டரை யாராவது 'டொக்' என்று இறக்கினால் ஓட்டைக்கு மேலே இருக்கும் மெல்லிய சுவர் உடையும், முனை மூடி கழன்றால் மழைத் தண்ணீர் உள்ளே போய் நிற்கும். நின்ற தண்ணீர் என்றால் கொழும்பில் என்ன அர்த்தம் என்று சொல்லவே தேவையில்லை, டெங்குப் பரிசோதனைக்கு வருகிறவர் டெக்குக்கு அடியிலும் டோர்ச் அடித்துப் பார்ப்பார். தளத்துக்கு நல்ல வாட்டம் கொடுத்து, தண்ணீர் வடியும் பீலிக்கு மேலே வரும் இடத்தில் கழற்றிப் பூட்டக்கூடிய மாதிரி ஒரு பலகையாவது விடச் சொல்லி பாஸிடம் (பலகை அடிக்கும் வேலைக்காரரிடம்) முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். (அடுக்குமாடியில் இருப்பவர்கள் கவனிக்க: 2.9 மீற்றர் என்றால் ஒன்பதரை அடி, சாதாரண லிஃப்டுக்குள் போகாது, படியால்தான் ஏற்ற வேண்டும், கூலி வேறு.)

மரத்தூளே கலக்காத பிவிசி பலகையும் இருக்கிறது. எடை குறைவு, தண்ணீரில் ஊறாது, நீச்சல் தடாகத்துக்குப் பக்கத்தில் போட நல்லது. ஆனால் சூட்டுக்கு நீளம் கூடுவது மற்றதைவிட அதிகம், விலையும் அதிகம், காலுக்கு எனக்கென்னவோ பிளாஸ்டிக் கதிரையில் நிற்கிற மாதிரி இருக்கும். பிடித்தவர்கள் எடுங்கள்.

சூடு என்றதும்தான் நிறம் பற்றிப் பேச வேண்டும். ஏப்ரல் முதல் பாதியில் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கும். அந்த வெயிலில் கடும் கோப்பி நிறப் பலகையில் நண்பகலில் வெறுங்காலுடன் நிற்க முடியாது, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இளஞ்சாம்பலோ மணல் நிறமோ எடுங்கள். 2.9 மீற்றர் பலகை விடிகாலைக்கும் உச்சி வெயிலுக்கும் இடையில் மூன்று, நாலு மி.மீ. நீளும், அதனால் முனைக்கு முனை இடைவெளி விடாமல் 'நெருக்கி அடி, வடிவாக இருக்கும்' என்று பாஸை அவசரப்படுத்தாதீர்கள். தெஹிவளையில் ஒரு வீட்டில் அப்படித்தான் அடித்திருந்தார்கள். நாங்கள் போய்ப் பார்த்தபோது இரண்டு பலகை நடுவில் எழும்பி கூடாரம் கட்டியிருந்தது, பலகையில் பிழையே இல்லை.

வெள்ளவத்தை மெரின் டிரைவ் பக்கம், கல்கிசை, கடற்காற்று படும் எந்த இடமென்றாலும் பலகையைச் சட்டத்தோடு பிடிக்கும் கிளிப்பும் திருகாணியும் உப்புக்காற்றைத் தாங்கும் 316 வகைத் துருப்பிடிக்காத உருக்கில் கேளுங்கள். சாதாரணமானது சில மாதங்களிலேயே துரு வடித்து, நல்ல பலகையில் வெற்றிலை துப்பின மாதிரி கோடு போட்டுவிடும். கீழ்ச்சட்டத்துக்கு நாகம் (சிங்க்) பூசிய பொக்ஸ் பார், அதாவது சதுர இரும்புக் குழாய், போடுங்கள், வெட்டின இடத்துக்கும் வெல்டிங் பட்ட இடத்துக்கும் துருத்தடுப்புப் பூச்சு கட்டாயம். மலிவென்று மரச்சட்டம் போட்டால் கறையான் பலகையை விட்டுவிட்டுச் சட்டத்தைத் தின்னும். சட்டங்களுக்கு இடையில் ஓரடி. 'ஒன்றரை அடி போதும்' என்று மிச்சம் பிடித்தால் நடக்கும்போது துள்ளும்.

இன்னொன்று, சிரிக்காதீர்கள். தைப்பொங்கலுக்கு டெக்கின் மேலே மூன்று கல் வைத்துப் பானை ஏற்றிய வீடு ஒன்று எங்கள் வாடிக்கையாளர் பட்டியலில் இருக்கிறது. பொங்கல் நன்றாகப் பொங்கியது, பலகை பானையின் அடி அளவுக்கு வட்டமாக உருகியது. அடுப்பு, பார்பிகியூ எல்லாம் முற்றத்தில். விளக்கு வைப்பதென்றால் கீழே ஒரு தட்டு வையுங்கள், எண்ணெய் சிந்தினாலும் உறை போட்ட பலகையில் துடைத்தால் போய்விடும்.

விலையை இங்கே எழுதவில்லை, டொலர் அசைந்தால் நாளைக்கே பொய்யாகிவிடும். ஆனால் எங்கு கேட்டாலும் 18% வற் வரி சேர்த்தா சேர்க்காமலா, கிளிப், சட்டம், ஓரப்பட்டி எல்லாம் உள்ளடக்கமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள், பலகை விலையை மட்டும் குறைத்துக் காட்டி மற்றதில் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கணக்கு சுலபம்: 2.9 மீற்றர் பலகை ஒன்று இடைவெளியோடு சேர்த்து சுமார் நாலரைச் சதுர அடி மூடும். 200 சதுர அடிக்கு 45 பலகை, வெட்டிக் கழிவதற்குப் பத்து வீதம் கூட்டினால் 50. யாராவது அறுபது என்றால் ஏன் என்று கேளுங்கள். உத்தரவாதக் கடதாசியில் 25 வருடம் என்று பெரிய எழுத்தில் இருக்கும், கீழே சின்ன எழுத்தில் பெரும்பாலும் பலகைக்கு மட்டும்தான், கழற்றிப் பூட்டும் கூலிக்கு இல்லை என்றும் இருக்கும். எங்கள் கடதாசியும் அப்படித்தான், மறைக்கவில்லை.

வரும்போது உங்கள் மாடியையோ முற்றத்தையோ பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு படம், மழை விட்டதும் ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும். விருப்பமானதில் ஒரு சாண் துண்டு காசில்லாமல் தருவோம். ஒரு கிழமை வாளித் தண்ணீரில் போட்டு, பிறகு வெயிலில் வைத்து, முனை வீங்குகிறதா என்று நீங்களே பாருங்கள். போயா (பௌர்ணமி) தினத்தில் மட்டும் கடை பூட்டு.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்