பிடித்தம் இருக்கிறது, பெயர் இருக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசு அலுவலகம் ஒன்றில் சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை. மருத்துவக் காப்பீட்டுக்கு யாரிடம் எவ்வளவு பிடிக்கிறோம் என்பது எனக்கு மனப்பாடம். அந்தக் காப்பீட்டில் யார் யார் பெயர் இருக்கிறது என்பதைப் போன வருடம் வரை நானும் திறந்து பார்த்ததில்லை.

எங்கள் ஓட்டுநர் ஒருவரின் இளைய மகளுக்குக் குடல்வால் வீங்கி, ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கவுன்ட்டரில் காப்பீட்டு அட்டையைக் கொடுத்தால் கணினியில் அவர், மனைவி, மூத்த பையன், அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் நிரப்பிக் கொடுத்த படிவம் அது. அதற்கு அப்புறம் பிறந்தவளை யாரும் சேர்க்கவே இல்லை. "மாசாமாசம் பிடிக்கிறீங்களே சார், இவ பேரு எப்படி இல்லாமப் போச்சு?" என்று போனில் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. கடன் வாங்கித்தான் அறுவைச் சிகிச்சை நடந்தது.

பிடித்தம் தானாக நடந்துவிடும். பெயர்ப் பதிவு தானாக நடக்காது. கல்யாணம், குழந்தை, இடமாற்றம் என ஒவ்வொன்றுக்கும் நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். நாம் கொடுக்கும் சான்றிதழில் ஒரு மாதிரியும் காப்பீட்டு அட்டையில் வேறு மாதிரியும் பெயர் இருந்தால், சிகிச்சைக்கு முன் ஆஸ்பத்திரி காப்பீட்டு நிறுவனத்திடம் அனுமதி கேட்கும்போது அங்கேயே நின்றுவிடும். அவசரமாகச் சேர்த்தால் எத்தனை மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும், எந்த ஆஸ்பத்திரிகள் பட்டியலில் இருக்கின்றன, எந்தச் செலவைக் காப்பீடு ஏற்காது, ஓய்வு பெற்ற பிறகு தொடர எப்போது விருப்பம் தெரிவிக்க வேண்டும் என்றெல்லாம் சுற்றறிக்கை வரத்தான் செய்கிறது. அது நோட்டீஸ் போர்டில் குத்தப்பட்டு மஞ்சளாகிக் கிழிகிறது. துப்புரவுப் பணியாளரும் இரவுக் காவலரும் அதை நின்று படிப்பார்கள் என்று நாம் எப்படி எதிர்பார்க்க முடியும்?

1883இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் அரசு தொழிலாளருக்கு நோய்க் காப்பீட்டைக் கொண்டுவந்தபோது, சந்தாவில் தொழிலாளி இரண்டு பங்கும் முதலாளி ஒரு பங்கும் கட்டினார்கள். அந்த நிதியை நடத்திய குழுக்களிலும் அதே கணக்கில் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த ஆட்கள் உட்கார்ந்தார்கள். பணம் கட்டியவருக்கு விவரம் கேட்க ஆள் இருந்தது. நமக்கு இருப்பது சம்பளச் சீட்டில் ஒரு வரி.

நான் கேட்பது பெரிய விஷயமல்ல. வருடத்துக்கு ஒரு முறை, சம்பளச் சீட்டோடு சேர்த்து, காப்பீட்டில் உள்ள குடும்ப விவரத்தையும் அச்செடுத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, சரிபார்த்ததாகக் கையெழுத்து வாங்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். இதை எல்லா அலுவலகங்களுக்கும் கட்டாயமாக்கச் சொல்லி உங்கள் இதழ் எழுத வேண்டும்.

எங்கள் பிரிவில் போன மாதம் செய்து பார்த்தோம். இரவுக் காவலருக்கு நானே வாசித்தேன். நான்காவது பெயரில் கையைக் காட்டி நிறுத்தினார். "அது எங்க அம்மா சார், அவங்க போயி மூணு வருஷமாச்சு. என் சின்னப் பையன் பேரை எழுதிக்குங்க" என்றார். படிவத்தை அங்கேயே நிரப்பினோம்.

இப்படிக்கு,
சம்பளப் பிரிவு ஊழியர் ஒருவர்