ஏ பக்கம், பி பக்கம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீயும் மாப்பிள்ளையும் போட்ட சண்டையை நானும் அம்மாவும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். எந்தக் காலத்துத் தமிழ் சினிமாப் பாட்டு உசத்தி என்றால், நீ எண்பதுகள் என்கிறாய். 1992-ல் ரஹ்மானின் ‘ரோஜா’ வந்த பிறகுதான் எல்லாமே என்கிறார் அவர். "கேசட் கடை வைத்திருந்தவர், அப்பா சொல்லட்டும்" என்று என் தலையில் கட்டிவிட்டு வைத்துவிட்டாய். போனில் சொன்னால் நடுவில் பேசுவாய், அதனால்தான் கடிதம்.

தண்டையார்பேட்டைக் கடையில் பாட்டு பதியக் கொடுக்கிறவர்கள் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள், நான் அதை அப்படியே நோட்டில் ஏற்றிவிடுவேன். ஒரு நோட்டு பரணில் கிடந்தது. நேற்று தூசு தட்டிப் பார்த்தேன். பாப்பா, அதில் ஒருவர்கூட அறுபதுகள் பாட்டு, எண்பதுகள் பாட்டு என்று கேட்கவில்லை. ஏ பக்கம் தத்துவம், பி பக்கம் காதல். இல்லையென்றால் ஏ பக்கம் சோகம், பி பக்கம் அம்மன். காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போய்ப் பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிறவர்கள்தான் அதிகம் கொடுப்பார்கள். அறுபது நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறு பாட்டு தாராளமாக ஏறும். ஏழாவது, சரணத்துக்கு நடுவில் அறுந்து நின்றுவிடும். அப்படி நின்றால் கரைக்கு வந்ததும் நேராகக் கடைக்குத்தான் வருவார்கள். அதனால் எந்தப் பாட்டு எத்தனை நிமிஷம் என்பது எனக்கு மனப்பாடம்.

தத்துவம் என்று இருந்தால் கண்ணதாசன், விஸ்வநாதன், டி.எம்.எஸ்.தான். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965-லேயே பிரிந்துவிட்டார்கள். அவர்கள் சேர்ந்து போட்ட பாட்டை இருபது வருஷம் கழித்து, மீசை முளைக்காத பையன்கள் வந்து கேட்டார்கள்.

மற்றபடி எதை எழுதியிருந்தாலும் என் கை இளையராஜா ரெக்கார்டிடம்தான் போய் நிற்கும். 1976-ல் ‘அன்னக்கிளி’யில் ஆரம்பித்தவர், தாலாட்டா, கல்யாணமா, மழையா, குடித்துவிட்டு அழுவதா, எல்லாவற்றுக்கும் ஒன்றுக்கு மூன்றாக வைத்திருந்தார். அப்போது பெரும்பாலும் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து வாசிப்பார்கள், ஒருவர் தப்பு விட்டால் மறுபடி முதலிலிருந்து. அத்தனை பேரின் மூச்சும் டேப்பில் தெரியும். ரஹ்மான் வந்ததும் கடை ஸ்பீக்கரையே மாற்றினேன் என்பதை மாப்பிள்ளையிடம் சொல். பழைய பெட்டி அந்த பேஸைத் தாங்கவில்லை. அப்படி ஒரு துல்லியத்தை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. இருந்தாலும் என் ஓட்டு 1976 முதல் 1992 வரைக்கும்தான். நீதான் ஜெயித்தாய்.

ஆனால் நோட்டை மூடிய பிறகு மனசு ஆறவில்லை. நம் ஏரியாப் பாட்டு அதில் ஒன்றுகூட இல்லை. சாவு வீட்டில் ராத்திரி முழுக்க, செத்தவர் பேரை வைத்தே அடி கட்டி கானா பாடுவார்களே, அது. தொண்ணூறுகளில் தேவா சினிமாவுக்குக் கொண்டுபோன பிறகுதான் வெளியே மதித்தார்கள். அதற்கு நாலைந்து வருஷம் முன்னால், வியாசர்பாடியிலிருந்து ஒருவர் தன் அப்பா சாவுக்குப் பாடியதை டேப்ரிக்கார்டரில் பிடித்து வந்து காப்பி கேட்டார். போட்டுப் பார்த்தேன். ஒரே இரைச்சல், நாய் குரைக்கிறது, நடுவில் ஒரு அம்மா அழுகிறது. இறந்தவர் பின்னி மில்லில் வேலை பார்த்தவராம். பாடினவர் அந்த மில் சங்கை வாயாலேயே நீளமாக ஊதினார். ஊதி முடித்ததும் அழுதுகொண்டிருந்த அந்த அம்மாகூட ஒரு நொடி நிறுத்திவிட்டது. "இது சரியா வராதுங்க" என்று கேசட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். காப்பி போட அரை மணி நேரம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். அந்தச் சங்கு இன்னும் என் காதில் கேட்கிறது.

நம் தெருக்கோடியில் இன்னும் பாடுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். பேசி வைத்திருக்கிறேன், மாட்டுப்பொங்கல் அன்று சாயங்காலம் மாடிக்கு வந்து பாடுகிறேன் என்றார். மாப்பிள்ளையிடம் நல்ல மைக் இருக்கிறதே, மறக்காமல் எடுத்து வரச் சொல். என்றைக்கு வருகிறீர்கள் என்று எழுது, அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா